சித்தேரியின் நாட்டுக் கெளுத்தி

போன வாரம் எங்கள் துறையிலிருந்து ஓர் இளம் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்து மலர் ஒன்று போடுகிறார்களாம். "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத சம்பவம் ஒண்ணு எழுதிக் குடுங்க சார். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லா இருக்கும்" என்றார். எழுதுகிறேன், ஆனால் பாசிட்டிவுக்கு நான் பொறுப்பில்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

புறப்படும்போது தன் போனில் ஒரு செயலியைக் காட்டினார். மீனைப் படம் பிடித்தால் போதும், அதன் பெயர் என்ன, எந்தத் தண்ணீரில் இருக்கும், எதைத் தின்னும், தடை உண்டா இல்லையா, எல்லாம் வந்துவிடுகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் படத்தைக் காட்டினார். செயலி சரியாகவே சொன்னது. "இனிமே யாரும் நம்மள ஏமாத்த முடியாது சார்" என்றார். பெயர் தெரியாததால் எங்கள் பக்கத்தில் எந்த ஏரியும் கெட்டுப்போகவில்லை. பெயர் எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எல்லாம் நடந்தது.

நான் மீன்துறையில் சார் ஆய்வாளராகச் சேர்ந்து, ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஃபார்மலின் நாற்றமடிக்கும் கூடத்தில், கண்ணாடிக் குடுவைக்குள் வெளுத்துப்போன மீன்களைப் பார்த்துப் பெயர் மனப்பாடம் செய்தோம். குடுவை மீன் எல்லாமே ஒரே நிறம். வெளியே வந்து உயிரோடு ஒரு மீனைக் கையில் பிடித்தபோது எதுவும் ஞாபகம் வரவில்லை. தேளி மீன் ஒன்று கொட்டிக் கை வீங்கியதுதான் பயிற்சியில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம்.

உண்மையான வேலை தொடங்கியது சங்கரலிங்கம் சாரிடம் வந்த பிறகு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து ஏரிகளையெல்லாம் அப்போது அவர்தான் உதவி இயக்குநராக இருந்து பார்த்துக்கொண்டார். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடிக்குப் பீரங்கி வண்டித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சார் பிறந்தது, படித்தது, கிரிக்கெட் ஆடியது எல்லாம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். ஆனாலும் வீட்டுப் பேச்சு அவர் நாக்கை விடவில்லை. எங்களையெல்லாம் 'வே' போட்டுத்தான் கூப்பிடுவார்.

அவர் திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். ஈரத் துண்டு ஒன்றை எப்போதும் தோளில் வைத்திருப்பார். மீனை வெறுங்கையால் பிடிக்க மாட்டார், யாரையும் பிடிக்க விடவும் மாட்டார். துண்டில் ஏந்தி, கட்டைவிரலால் மண்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். பிறகு நாம் எந்த அறிக்கையை நீட்டினாலும் ஒரே கேள்விதான். "மண்டையப் பாத்தீராவே?" ஆபீசில் இது பெரிய கிண்டல். புது டைப்பிஸ்ட் வந்து சேர்ந்தபோது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவனிடம், டீயில் சர்க்கரை குறைந்தபோதுகூட நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து "மண்டையப் பாத்தீராவே?" என்போம். அவருக்கும் தெரியும். தெரியாதது போலக் கடந்து போவார்.

மண்டையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கெளுத்தி என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் பல சாதி. மீசையும் செதில் இல்லாத வழவழப்பான உடம்பும்தான் பொது. சின்னக் கெளுத்தி ஓடுகிற தண்ணீரை விரும்பும். மதகடியிலும் உபரிநீர் வழியும் கலங்கலிலும் கூட்டமாக நிற்கும். வாளைக்கு ஆழம் வேண்டும், பெரிய ஏரியைவிட்டு அது வெளியே வராது. தேளி வயல் சேற்றில் கிடக்கும், காலில் கொட்டினால் அன்றைக்கு வேலை போச்சு. நான்காவதுதான் நாட்டுக் கெளுத்தி. புத்தகத்தில் மசரை என்று போட்டிருக்கும். அதற்கு ஆழமும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். கோரையும் பாசியும் மண்டிய முழங்கால் தண்ணீர் போதும். அடிக்கடி மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். மழை பெய்து ஏரி ஓரம் மேட்டுக்கு ஏறும்போது அதுவும் கூடவே ஏறிவந்து, கரையில் குழி பறித்து முட்டையிடும். ஆண் மீன் அந்தக் குழியைவிட்டு நகராமல் காவல் கிடக்கும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி பார்வைக்கு இதன் அண்ணன் மாதிரி இருக்கும். அதே மீசை, அதே உடம்பு, அதுவும் காற்றைச் சுவாசிக்கும். நிறத்தை நம்ப முடியாது, குஞ்சாக இருந்தால் அளவையும் நம்ப முடியாது. மண்டை எலும்பின் பின்விளிம்பு நாட்டு மீனுக்கு வெற்றிலை நுனி போல ஒரே கூராக முடியும். மற்றதற்கு நடுவில் பள்ளம் விழுந்து வளைந்து வளைந்து போகும். கட்டைவிரலுக்கு உடனே தெரியும். அந்த ஆப்பிரிக்க மீன் எதையும் தின்னும். மீன், தவளை, முட்டை, கோழிக்கழிவு, செத்த நாய், தன் குஞ்சு, எது கிடைத்தாலும் சரி. வளர்ப்பவனுக்குச் செலவே இல்லை என்பதால்தான் தடையை மீறியும் வளர்த்தார்கள். ஓர் ஏரிக்குள் புகுந்துவிட்டால் அதை வெளியே எடுக்க எந்த வலையும் கிடையாது.

சித்தேரி என்று அயனம்பாக்கத்துக்கும் சென்னீர்குப்பத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஏரி. சுற்றியிருந்த ஏரிகளில் எல்லாம் சாக்கடையும் மற்ற மீன்களும் வந்துவிட்ட பிறகும், நாட்டுக் கெளுத்தி குஞ்சு பொரிக்கிற இடம் என்று எங்கள் எல்லைக்குள் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. நாகம்மாள் என்ற பெண்ணும் அவள் புருஷனும் அங்கே வலை போட்டுப் பிழைத்தார்கள். ஒருமுறை ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்று மேற்கு மூலைக் கோரையை வழித்தெடுக்க ஜேசிபி வந்துவிட்டது. சங்கரலிங்கம் சார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, ஜேசிபியின் வாய்க்கு முன்னால் போய் நின்றார். சத்தம் போடவில்லை. ஒப்பந்தக்காரர் யார் யாருக்கோ போன் போட்டார். சார் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

"இன்னா சார், புல்லுக்குப் போயி இந்த ஆளு இப்டி நிக்கிறாரு?" என்று நாகம்மாள் என்னிடம் கேட்டாள். சார் காதில் விழுந்துவிட்டது. "புல்லு இல்லம்மா, அதுதான் பிரசவ வார்டு. இது போச்சுன்னா நம்ம பக்கத்துல வேற கெடையாது" என்றார். அவள் புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்த மூலையில் அவர்கள் வலை போட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு ஏரிக்கரைச் சாலைக்கு எதிரே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பியது. நாலா திசையிலிருந்தும் வந்த சம்பளக்காரக் குடும்பங்கள், பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவர்கள் குடியேறிய சில நாளில் எங்களுக்குப் புகார் வந்தது. பின்பக்கத்துக் காலி மனைகளில் பெரிய பெரிய குட்டை வெட்டி யாரோ மீன் வளர்க்கிறார்கள், கோழிக்கழிவு நாற்றத்தில் ஜன்னல் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தோம். சார் ஒரு மீனைத் துண்டில் வாங்கிக் கட்டைவிரலை வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன். நடுவில் பள்ளம். குட்டைகளுக்கும் சித்தேரிக்கும் நடுவில் ஒரு மழைநீர்க் கால்வாய் மட்டும்தான் இருந்தது.

அழிப்பதற்கு ஒரு முறை உண்டு. அதில் சார் ஒரு படியைக்கூடத் தாண்ட விடமாட்டார். முதலில் கால்வாய்ப் பக்கத்தை மணல் மூட்டையால் அடைத்து, அதற்கு முன்னால் கொசுவலைக் கண்ணுள்ள வலையைக் கட்ட வேண்டும். பம்பின் வாய்க்கும் வலை. இறைக்கும் தண்ணீர் கால்வாய்க்குப் போகக்கூடாது, அதே மனையிலேயே பரவி மண்ணில் இறங்க வேண்டும். மீனை வாரியதும் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். செவுள் அசைவு நின்றதை ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்த பிறகுதான் புதைகுழிக்குப் போக வேண்டும். குழி ஓர் ஆள் கையைத் தூக்கி நிற்கும் ஆழம். ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு சுண்ணாம்பு. காலியான குட்டையின் சேற்றில் பிளீச்சிங் பவுடர், ஏனென்றால் சேற்றுக்குள் ஒளிந்தது வாரக்கணக்கில் கிடக்கும். அந்த ஐஸ் மட்டும் எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். எப்படியும் சாகப்போகிற மீன்தானே. "அது ஆப்பிரிக்காவுல பொறந்தது அதோட தப்பாவே? வலிக்காம அனுப்பணும்" என்றார்.

அந்தக் குட்டைகளை அழிக்கப் போன அன்றைக்குக் காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வளர்த்தவன் முதல் ஆளாக ஓடிவிட்டான், அவனை யாரும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். மீன்தான் நாங்கள் நினைத்ததைப்போலப் பல மடங்கு இருந்தது. கொண்டுவந்த ஐஸ் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. சுண்ணாம்பும் அப்படியே. அடுத்த லோடு பூந்தமல்லியிலிருந்து வரவேண்டும். அந்த நேரம் பார்த்து மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கூட வந்திருந்த வருவாய்த்துறை அதிகாரி சொன்னதில் தப்பில்லை. "சார், மழை புடிச்சிக்கிச்சுன்னா இந்தக் குட்டை எல்லாம் ரொம்பி ஏரிக்குப் போயிடும். ஐஸுக்குக் காத்துக்கினு இருந்தா அவ்ளோதான். பொதச்சிடுங்க" என்றார். சங்கரலிங்கம் சார் வானத்தைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார். நான் அவரிடம் வேலை பார்த்த காலம் முழுவதிலும் அவர் ஒரு படியைத் தாண்டச் சொன்னது அந்த ஒருமுறைதான். "போடுங்க" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். மிச்ச மீனெல்லாம் உயிரோடு புதைகுழிக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் நன்றாக இருக்காது. மேலே மண் விழுந்த பிறகும் மண் அசைந்தது. எனக்கே பார்க்க முடியவில்லை. மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கு யோசித்தால் புரிகிறது. அன்றைக்கு யோசிக்க நேரமில்லை.

சுண்ணாம்பும் ஐஸும் கொண்டுவர என்னை அனுப்பினார் சார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பூந்தமல்லி சந்திப்பில் வண்டி நகரவில்லை. லாரி, பஸ், ஆட்டோ, எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அங்கே நான் உட்கார்ந்திருந்தபோது இங்கே நடந்ததை, மற்றவர்களைப் போல நானும் பிறகு வீடியோவில்தான் பார்த்தேன்.

குடியிருப்பிலிருந்து பெண்களும் ஆண்களுமாக இறங்கி வருகிறார்கள். கையில் தோட்டத்துக் கரண்டி, குளியலறை பக்கெட், மக். சிலர் அழுகிறார்கள். மண்ணைத் தோண்டுகிறார்கள், கையால்கூடத் தோண்டுகிறார்கள். உயிரோடு இருப்பவற்றைப் பக்கெட்டில் போட்டுச் சாலையைத் தாண்டி ஏரிக்கு ஓடுகிறார்கள். ஒரே ஒரு கான்ஸ்டபிள் இருக்கிறார், பெண்கள் மேல் எப்படிக் கை வைப்பது என்று தெரியாமல் விசிலை ஊதுகிறார். வருவாய்த்துறைக்காரர் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். சங்கரலிங்கம் சார் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கரையில் நிற்கிறார்.

"அம்மா, வேண்டாம். அது இந்த ஊரு மீன் இல்லம்மா. அது உள்ள போச்சுன்னா ஏரியில உள்ளது எல்லாம் செத்துரும். கேளுங்கம்மா" என்கிறார். இளம்பெண் ஒருத்தி, கண்ணெல்லாம் சிவந்து, "உயிர்னா உயிர்தானே சார்? உங்களுக்கு மனசே இல்லையா? உயிரோட பொதைக்கறீங்களே!" என்கிறாள். அவர் அவள் கையிலிருந்த பக்கெட்டைப் பிடித்து இழுக்கிறார். இருவருமாக இழுக்கிறார்கள். பக்கெட் கவிழ்ந்து மீன் கரைச்சரிவில் விழுந்து, நெளிந்து, தானாகவே தண்ணீருக்குள் போய்விடுகிறது. வீடியோ அங்கே முடிகிறது. பார்த்தவர்கள் மனதில் நின்றது, அழுகிற ஒரு பெண்ணிடமிருந்து ஓர் அதிகாரி பக்கெட்டைப் பிடுங்கிய காட்சி மட்டும்தான்.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். சார் கரையில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு இல்லை. "சுண்ணாம்பு வந்துட்டா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "போடச் சொல்லும். மிச்சம் இருக்கறதுக்காவது போடுவோம்" என்றார். ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மழை பெய்யவே இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. கறுத்த மேகம் அப்படியே வடக்கே போய்விட்டது.

அந்த வாரம் முழுவதும் எல்லா போனிலும் அந்த வீடியோதான். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து ஈவிரக்கம் பற்றிப் பேசினார்கள். மீன் மண்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சாருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. கடலோர மாவட்டம் ஒன்றில் இறால் பண்ணைக் கோப்புகளைப் பார்க்கும் நாற்காலி. ஆயுள் முழுக்க நல்ல தண்ணீர் மீனைத் தடவிப் பார்த்த மனிதருக்கு உப்புத்தண்ணீர். ஓய்வு பெறும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "உனக்கும் அங்கே ஒரு சீட் போடட்டுமா?" என்று மேலிடத்தில் கேட்டார்கள். அதற்குப் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

ஏரி என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை. அடுத்தடுத்த மழைகளுக்குள் தவளைச் சத்தம் நின்றது. சின்னக் கெளுத்தி போனது. மேற்கு மூலைக் கோரை அப்படியே பச்சையாக நின்றது, அதற்குள் எதுவும் இல்லை. நாகம்மாள் வலையில் தொடை தடிமனுக்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றே ஒன்று விழும், வலையைக் கிழித்துக்கொண்டு விழும். பிறகு ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு, குடியிருப்புச் சங்கத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் 'மீன் பிடிக்கக் கூடாது' என்று போர்டும் வைத்துவிட்டார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு இவ்வளவு பாதுகாப்பு அதன் சொந்த ஊரில்கூடக் கிடைத்திருக்காது. நாகம்மாள் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அதே குடியிருப்பில் மாடிப்படி பெருக்க வந்தாள்.

நான் ஓய்வு பெற்றதும் என் மகன் எங்களைத் தன்னோடு வைத்துக்கொண்டான். அவன் வாங்கிய ஃபிளாட், என் நேரம், அதே குடியிருப்பில். "பால்கனியில நின்னா ஏரி தெரியும்பா, உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். எதிர் ஃபிளாட்டில் லாவண்யா. முதல் நாளே அடையாளம் தெரிந்தது. பக்கெட்டின் மறுபக்கத்தை இழுத்த பெண். அவளுக்கு என்னைத் தெரியாது, நான் வீடியோவில் இல்லையே. வெறுத்துவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். என் மனைவி குளியலறையில் விழுந்தபோது மகன் ஊரில் இல்லை. லாவண்யாதான் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். தெருநாய்க்குச் சோறு வைப்பாள். வாட்ச்மேன் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவாள். அவ்வளவு நல்ல பெண். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சங்கரலிங்கம் சார் ஆவடி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். கண் மங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி, அடியில் களிமண் போட்டு, கோரை நட்டு வைத்திருக்கிறார். எங்கேயோ திருவள்ளூர் பக்கத்துக் குட்டையிலிருந்து ஒரு நாட்டுக் கெளுத்தி அவருக்குக் கிடைத்திருந்தது. பெட்டை. சித்தேரி ஆண் ஒன்று கிடைத்தால் போதும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நாகம்மாளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் சிரிப்பாள். "அதெல்லாம் எப்பவோ பூட்ச்சி சார்" என்பாள்.

இந்த ஐப்பசியில் மழை தொடங்கிய வாரம், ஒரு காலையில் நாகம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினாள். கையில் ஈரத்துணி மூட்டை. "சார், பின்னாடி கால்வாயில தண்ணி ஏறிக்கினு வந்துச்சி. அது கூட நெளிஞ்சிகினு வந்துது இது. நீ தேடிக்கினு கீறியே, அதானா பாரு. எனக்கு அப்டித்தான் தோணுது" என்றாள். நான் கட்டைவிரலை வைத்தேன். வெற்றிலை நுனி. நம்பாமல் மறுபடியும் வைத்தேன். வயிற்றுப் பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஆண். உடம்பெல்லாம் கடிபட்ட தழும்பு. நாகம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, அழுறியா இன்னா?" என்றாள்.

வாசலில் இருந்த பக்கெட்டில் விட்டு, மேலே பலகை வைத்து மூடி, சாருக்குப் போன் போட்டேன். "மண்டையப் பாத்தீராவே?" என்றார். "பார்த்தேன் சார். ரெண்டு தடவை பார்த்தேன். ஆண்தான்." சார் குரல் மாறி, "கொண்டாரும். நான் தொட்டிக்குப் புதுத் தண்ணி விட்டு வைக்கேன். பக்கெட்டுல வேண்டாம், ஏறிக் குதிச்சிரும். மூடி போட்ட கேன் வாங்கிக்கிடும்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஜேசிபி திரும்பிப் போன நாளில்தான் கேட்டிருக்கிறேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முகப்பேர் கடைத்தெருவுக்குப் போனேன். கேன் வாங்கி, மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வாசலில் பக்கெட் இல்லை. என் மனைவி உள்ளேயிருந்து, "இப்பத்தான் லாவண்யா வந்துச்சு. உள்ள மீன் முட்டுற சத்தம் கேட்டுப் பாவப்பட்டுச்சு. ஏரில விடத்தான் வெச்சிருக்காரான்னு கேட்டுச்சு. ஆமா, அவருக்கு வேலையே மீன ஏரில விடுறதுதானேன்னேன். நீங்க எதுக்கு அலையணும்னு அதுவே எடுத்துக்கிட்டுப் போச்சு" என்றாள். சர்வீஸ் முழுக்க நான் ஏரி ஏரியாகக் குஞ்சு விட்டதைப் பார்த்தவள். அவள் மேல் என்ன தப்பு?

லிஃப்ட் திறந்தது. லாவண்யா பக்கெட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவள் சுடிதார் ஓரம் நனைந்திருந்தது. "அங்கிள், கரை ஓரமா விட்டா யாராவது புடிச்சிடுவாங்கன்னு படிக்கட்டுல இறங்கி, நல்லா ஆழமான இடமாப் பார்த்து விட்டேன். அழகா நீந்திப் போயிடுச்சு" என்றாள். ஆழத்தில்தான் அவை கிடக்கும், தொடை தடிமனுக்கு. வாயில் என்னவெல்லாமோ வந்தது. என் மனைவி கதவருகில் வந்து நின்றாள், கால் இன்னும் சரியாக ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு. "தேங்க்ஸ்மா" என்றேன்.

பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு சாருக்குப் போன் போட்டேன். அடித்த உடனே எடுத்தார். "கிளம்பிட்டீராவே? தண்ணியெல்லாம் விட்டாச்சு" என்றார்.

"இல்ல சார். ஏரியில விட்டுட்டாங்க."

"எந்த ஏரியில?"

"சித்தேரியில, சார்."

"யாருவே?" என்று கேட்டார்.

"நல்லவங்கதான் சார்" என்றேன்.

அவர், ஆபீசில் பேசுகிற அதே குரலில், "சரி. அந்தப் பெட்டையும் ரெண்டு நாளா மேல வந்து மூச்சு வாங்கலவே. எனக்குக் கண்ணு தெரியலன்னு நெனச்சேன். நீரு ஒரு நாளைக்கு வந்து தொட்டியக் கவுத்துட்டுப் போயிரும். தண்ணி நின்னா கொசு வரும்" என்றார்.